பந்தயத்துக்குப் பிறகுதான் கறிச்சோறு

வேளாங்கண்ணிக்குப் பந்து விளையாடத் தெரியாது. பந்தைக் கையால் தொட்டதே ஒரு தடவைதான். அதுவும் அது அவள் கொல்லையில் வந்து விழுந்து கத்தரிச் செடியை முறித்தபோது. அன்று பந்தை நெல் குதிருக்குள் போட்டு மூடிவிட்டு, விளையாட வந்தவர்களைக் கிணற்றில் தண்ணீர் இறைத்து மிச்சச் செடிகளுக்கெல்லாம் ஊற்ற வைத்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் சவேரியார்பட்டிக்காரர்கள் பந்தயத்தில் ஏன் தோற்கிறார்கள் என்று கேட்டால், அடுப்பை ஊதிக்கொண்டே சொல்லிவிடுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள். ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம். மீதிப் பாதிப் பேர் அவளுடைய சொந்தக்காரர்கள்; அவர்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன.

சவேரியார்பட்டி ஆவூர்ப் பங்கைச் சேர்ந்த ஒரு சின்ன ஊர். கோயில் தெருவில் வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், மேலத்தெருவில் இந்துக்கள், இரண்டு தெருவும் சேருகிற இடத்தில் மேலத்தெருச் சோலையப்பனின் மளிகைக்கடை. ஊருக்குக் கிழக்கே கண்மாய். எப்போதோ இருந்த ஒரு பங்குச்சாமியார் தோல்பந்து ஒன்றைக் கொண்டுவந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தார். சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார், பந்து தங்கிவிட்டது. மாசியில் கண்மாய் வற்றியதும் உள்ளே கம்பு நட்டு கோல் கட்டி, சாம்பலால் கோடு போட்டுவிடுவார்கள். பாஸ்குத் திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம், அன்னவாசல்காரர்களோடு பந்தயம். ஜெயிக்கிற ஊர் ஒரு வருஷத்துக்கு ஷீல்டை வைத்துக்கொள்ளலாம். சவேரியார்பட்டிக்காரர்கள் அந்த ஷீல்டை எப்போது பார்ப்பார்கள் என்றால், அன்னவாசல்காரர்கள் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வண்டியில் கொண்டுவரும்போது ஒரு தடவை, பொழுது சாய்ந்து திரும்ப எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு தடவை.

வேளாங்கண்ணி கீரனூர்ப் பக்கத்திலிருந்து லூர்துநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமான முதல் வருஷம் பாஸ்குத் திங்களன்று மாமியார் ஒரு பானைத் தண்ணீரைத் தலையில் ஏற்றி, "போ, ஒம் புருசன் விளையாடுறான், தாகத்துக்குக் குடு" என்று கண்மாய்க்கரைக்கு அனுப்பினாள். அப்போது லூர்துநாதன் பேக் ஆடிக்கொண்டிருந்தான். புருஷனைப் பார்க்கப் போனவள் பந்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பானைத் தண்ணீரை யார் குடித்தார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் அவள் செய்கிற எதுவும் அவளுக்காகச் செய்வதில்லை. சோறு அடுத்தவர் வயிற்றுக்கு, துவைப்பது அடுத்தவர் உடம்புக்கு, செபம்கூடப் பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும்தான். கரைமேல் நின்று தொண்டை கிழியக் கத்துகிற அந்த ஒரு சாயங்காலம் மட்டும் அவளுடையது. பிள்ளை பெற்று மூன்றாம் வாரத்தில் கைக்குழந்தையோடு கரையில் நின்றவள் அவள். அதற்கு மாமியார் பேசிய பேச்சை ஒரு காதில் வாங்கி அந்தக் காதிலேயே விட்டுவிட்டாள், அடுத்த காது வரைக்கும் போகவிடவில்லை.

லூர்துநாதனுக்கு முட்டி போய்விட்டது. அவன் தம்பி ஆரோக்கியமுத்து சென்டர் ஆட வந்தான். லூர்துநாதன் கரைக்காரன் ஆனான். விளையாடாமல் கரையில் நின்று கத்துகிறவர்களுக்கு ஊரில் அந்தப் பெயர். கரைக்காரர்களுக்குத் தலைவர் சோலையப்பன். தேர்ந்தெடுத்து யாரும் வைக்கவில்லை. குரல் பெரிது, கடை அவருடையது, மற்றவர்கள் அங்கேதான் உட்கார்ந்து பேசவேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருஷமும் தோற்றதும் கடையில் பஞ்சாயத்துக் கூடும். தோற்றதற்கு ஆளுக்கொரு காரணம். சோலையப்பனுக்கு எல்லாமே கோல்கீப்பர் குற்றம். கோல்கீப்பர் சூசை, லூர்துநாதனின் அக்கா மரிய செல்வியின் மகன். அதனால் லூர்துநாதனுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. அவன் பந்துக்குள் இருக்கும் ரப்பர் ப்ளாடரைச் சொன்னான். யுத்தம் வந்ததிலிருந்து நல்ல ப்ளாடர் கிடைப்பதில்லை, காற்று நிற்பதில்லை என்பான். அதே பந்தைத்தான் அன்னவாசல்காரர்களும் உதைத்தார்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான். மேலத்தெரு அழகுமலை ரெப்ரியைத் திட்டுவார். ரெப்ரி யாராக இருந்தாலும் திட்டுவார். ஒரு வருஷம் அவருடைய சொந்த மச்சானே ரெப்ரியாக வந்தார். அந்த வருஷம் இன்னும் அதிகமாகத் திட்டினார்.

வேளாங்கண்ணி கடைக்கு எண்ணெய் வாங்க வருகிற சாக்கில் நின்று இதையெல்லாம் கேட்பாள்.

"சூசையும் இல்ல, ப்ளாடரும் இல்ல, ரெப்ரியும் இல்ல. முதப் பாதியில நம்ம பயலுக நல்லாத்தானே ஓடுறானுக? ரெண்டாம் பாதியில இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறானுக. ஏன் நிக்கிறானுகன்னு யோசிச்சீங்களா?"

"வெயிலு தங்கச்சி."

"அன்னவாசல்காரனுக்கு மட்டும் கொடை பிடிச்சிருந்தாகளா அண்ணே?"

சோலையப்பன் எண்ணெயை அளந்து கொடுத்து அனுப்பிவிடுவார். அவள் போனதும், பொம்பளைக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள். அவள் இருக்கும்போது சொல்லுகிற துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

அவளுக்குத் தெரிந்தது இதுதான். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கரைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கிடாய்க்குட்டி வாங்குவார்கள். சோலையப்பன் அதைத் தன் மாட்டுக்கொட்டத்தில் கட்டி, கடைப் பிண்ணாக்கைப் போட்டு வருஷம் முழுக்க வளர்ப்பார். பாஸ்குத் திங்கள் காலையில் அதை அறுத்து, முறை வருகிற வீட்டில் ஆக்கி, மத்தியானம் விளையாடுகிறவர்களுக்கு விருந்து. தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று கோயில் தெரு கருவாட்டைக்கூட மோந்து பார்த்ததில்லை. மேலத்தெருப் பையன்களும் கூட்டாளிகள் சாப்பிடாததால் வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்கு. வீட்டுக்கு வீடு கறி. திங்கட்கிழமை மத்தியானம் ஊர்க் கிடாய். நாற்பது நாள் பட்டினி கிடந்த வயிறு இரண்டு நாளில் பழி தீர்த்துக்கொள்ளும். ஊருக்காக ஓடப் போகிறவனை அரைவயிற்றோடு அனுப்பினால் ஊருக்கு அவமானம் என்று, இலையை மறைத்துக்கொண்டு கும்பிட்டாலும் விடாமல் கறியைக் கொட்டுவார்கள். பையன்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு, சட்டையைத் தளர்த்திக்கொண்டு கண்மாய்க்குப் போவார்கள்.

அன்னவாசல்காரர்களோ விடிகாலையில் கட்டுச்சோறு தின்றுவிட்டு வண்டி ஏறியிருப்பார்கள். வந்து, விளையாடி, ஜெயித்து, அதற்கப்புறம் விருந்தாளி என்கிற மரியாதையில் மிச்சமிருக்கும் கறியையும் தின்றுவிட்டுப் போவார்கள்.

"நம்ம கிடாயத் தின்னு நம்ம தோக்கிறோம். அதே கிடாயத் தின்னு அவுக சந்தோசமாப் போறாக. எப்பத் திங்கிறதுங்கிறதுலதான் இருக்கு சூட்சுமம்" என்று லூர்துநாதனிடம் அவள் ஒரு தடவை சொன்னாள்.

"வெளிய போயிச் சொல்லித் தொலைக்காதடி. சோலையப்பண்ணன் மனசு ஒடஞ்சு போயிரும்" என்றான் அவன்.

அந்த வருஷம் ஆக்கிப் போடுகிற முறை அவர்கள் வீட்டுக்கு வந்தது.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து, அரிசி எவ்வளவு போடுவது என்று பேச லூர்துநாதன் கடைக்குப் போனான். வேளாங்கண்ணியும் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னாலேயே போனாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே, இவள் சும்மா இருக்கமாட்டாள் என்று தெரிந்துகொண்டான் என்பது தெரிந்தது.

"ஆக்குறது நானு. அதனால நானே சொல்லிர்றேன்" என்றாள். "கிடாய் அறுக்கிறது எப்பவும்போல காலையில. கொழம்பும் காலையில வைப்பேன். ஆனா பயலுகளுக்கு மத்தியானம் கேப்பக் கூழும் தொவையலுந்தான். கறிச்சோறு பந்தயம் முடிஞ்ச பெறகு."

கடையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த எல்லா வாயும் நின்றது.

"என்னாத்தா சொல்றே?" என்றார் சோலையப்பன். "ஊருக்கு வெளையாடப் போற பிள்ளைக்குக் கூழா? அன்னவாசல்காரன் கேட்டா காறித் துப்ப மாட்டான்?"

"இப்ப மட்டும் என்ன, வருசா வருசம் வெத்தல பாக்கு வச்சா கும்பிடுறான்? அண்ணே, நீங்க ஏரு வச்சிருக்கீக. மாட்டுக்கு வயிறு முட்டத் தண்ணியும் தீனியும் குடுத்த கையோட கொண்டுபோயி ஏர்ல பூட்டுவீகளா?"

"மாடும் மனுசனும் ஒண்ணா?"

"இல்லதான். மாடு போதும்னா நிறுத்திக்கிரும்."

அழகுமலை சிரித்துவிட்டார். சோலையப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை. முகம் சிவந்து எழுந்து நின்றார்.

"நான் புள்ள மாதிரி வளத்த கிடாய். அது சட்டியில வெந்துக்கிட்டு இருக்கும், நம்ம பிள்ளைக கூழக் குடிச்சிட்டுப் போவானுக. போயித் தோப்பானுக. அப்ப யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? லூர்து, ஒம் பொண்டாட்டியக் கேளு. தோத்தா என்ன?"

லூர்துநாதன் கூரையைப் பார்த்தான். வேளாங்கண்ணி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தோத்தா அப்பறம் நான் பந்தயம் பாக்கக் கம்மாக்கரைக்கு வரல. உசிரோட இருக்கிற வரைக்கும் வரல. நீங்களும் நிம்மதியா ப்ளாடரப் பத்திப் பேசிக்கிட்டு இருங்க."

கரையில் நிற்காத வேளாங்கண்ணியை அவர்களாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் சோலையப்பன் தலையை ஆட்டினார். "சரி. வாக்கு சுத்தமா இருக்கணும்."

"இருக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் அவளுக்குப் பயம் வந்தது. சொன்ன பேச்சுக்காக அல்ல. இந்தப் பதினொரு பேரும் வேறு ஏதாவது காரணத்துக்காகவும் தோற்கக்கூடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ப்ளாடருக்கே காற்று இறங்கிப் போனால்? அந்த ரெப்ரி நிஜமாகவே குருடனாக இருந்தால்? லூர்துநாதன் பக்கத்தில் நடந்துகொண்டே, "ஏன் புள்ள, ஒனக்கு இருக்கிறதே அந்த ஒரு நாளு. அதையா கொண்டுபோயி வச்ச?" என்று கேட்டான். அவனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சோலையப்பன் அதோடு விடவில்லை. பெரிய வியாழக்கிழமை பங்குச்சாமியாரிடமே போய் முறையிட்டார். மேலத்தெருக்காரர் கோயிலுக்கு வந்திருக்கிறாரே, ஏதோ பெரிய விஷயம் என்று சாமியார் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே வந்தாராம். முழுக்கக் கேட்டுவிட்டு, "சமையல்கட்டு என் பங்குக்குள்ள வராது சோலையப்பா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாராம்.

பாஸ்குத் திங்கள் விடிந்தது. கிடாய் அறுபட்டபோது சோலையப்பன் வழக்கம்போல் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈரல் யாருக்கு என்று வழக்கம்போல் அதையும் விசாரித்தார். வேளாங்கண்ணி, ஒத்தாசைக்கு வந்த மரிய செல்வியோடு மிளகும் மல்லியும் வறுத்து அரைத்து, கொல்லையில் பெரிய அண்டாவை ஏற்றினாள். கோயில் தெரு முழுக்க மணம் பரவியது. அந்த மணத்தின் நடுவே பதினொரு பேரையும் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு கும்பா கூழும் புளித் துவையலும் கொடுத்தாள்.

"மதினி, இது பாவம்" என்றான் ஆரோக்கியமுத்து. "கர்த்தரே உயிர்த்துட்டாரு. எங்களுக்கு இன்னும் தவக்காலமா?"

"குடிச்சிட்டு எந்திரி. ஜெயிச்சிட்டு வா, சட்டியையே தாரேன்."

"ஒரே ஒரு எலும்பு மதினி. கடிக்க மாட்டேன், கையில வச்சுக்கிட்டு ஓடுறேன்."

"நீ அதத் தூக்கிக்கிட்டு ஓடு, பின்னாலேயே நாயும் ஓடும். நல்லாத்தான் இருக்கும். குடி."

முனகிக்கொண்டே குடித்தார்கள். அண்டாவுக்கு மூடி போட்டு, மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் அவள் குளிக்கப் போனாள். குழவியைத் தூக்க ஆள் இருப்பார்கள் என்பதை அவள் யோசித்திருக்க வேண்டும்.

கண்மாய்க்கரையில் அன்று நிற்க இடமில்லை. கூழ்ச் செய்தி எப்படியோ அன்னவாசல் வரைக்கும் போயிருந்தது. வண்டிகளை அவிழ்க்கும்போதே அவர்கள் ஆட்கள், "என்னப்பா, கூழு ஊத்துற திருவிழாவா? மாரியாத்தாளுக்கா, மாதாவுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சவேரியார்பட்டிக் கரைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். வேளாங்கண்ணி எப்போதும் நிற்கிற இடத்தில், கோலுக்குப் பக்கவாட்டில், செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பெண்கள் நாலு அடி தள்ளியே நின்றார்கள். அவள் தோற்கும்போது பக்கத்தில் நின்றதாக யாரும் சொல்லிவிடக்கூடாதே.

ஊதல் ஊதியது. பையன்கள் நன்றாகத்தான் ஓடினார்கள். ஆரோக்கியமுத்து பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு போய் இரண்டு தரம் அடித்தான். இரண்டும் கம்பை உரசிக்கொண்டு வெளியே போயின. கரை மெதுவாகச் சூடு பிடித்தது. அந்தச் சமயத்தில் அன்னவாசல்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஒன்றுமில்லாத ஒரு பந்தைத் தட்டிவிட்டான். தரையோடு உருண்டு, வெடித்துக் கிடந்த களிமண்ணில் தத்தித் தத்தி வந்தது. சின்னக் குழந்தை குனிந்து பிடித்துவிடும். சூசை அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் ஞாபகம் வந்தவன்போல் அரிசி மூட்டை சாய்வதுபோல் சாய்ந்தான். பந்து அவனைத் தாண்டிப் போய்விட்டது.

கோல்.

"பாத்தியா?" சோலையப்பனின் குரல் கண்மாயின் அக்கரைக்குக் கேட்டது. "பயலுக்குத் தெம்பே இல்ல. குனிய முடியல. கூழுக் குடிச்சவன் எப்படிக் குனிவான்?"

"கோல்கீப்பர மாத்துங்கடா" என்றார் ஒருவர்.

"கோல்கீப்பர என்னத்துக்கு மாத்துறது? சமையக்காரிய மாத்தியிருக்கணும்" என்றார் அழகுமலை. இப்போது அவரும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

வேளாங்கண்ணி சூசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவன் அப்படிச் சாயமாட்டான். அப்படிச் சாய்கிறவனை அவள் ஒவ்வொரு பாஸ்குத் திங்களும் பார்த்திருக்கிறாள். வீட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும், பாயில், லூர்துநாதன் உருவத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இடைவேளை விட்டதும் தண்ணீர்ச் செம்போடு நேராகக் கோலுக்குப் பின்னால் போய்க் கோட்டுக்கு வெளியே நின்றாள். சூசை செம்பை வாங்கக் கையை நீட்டினான். விரல் நகத்தில் மஞ்சள். உதட்டில் நெய் மினுமினுப்பு. பக்கத்தில் போனதும் மிளகு வாசனை.

"ஒங்காத்தா குழவியத் தூக்கினாளா?"

சூசை தலையைக் குனிந்தான். "வேண்டாம்னுதான் சொன்னேன் அத்தை. அழுதுட்டா. ஊரே கறி திங்கிற அன்னைக்கு எம் புள்ள கூழா குடிக்கணும்னு. நான் ரெண்டு கவளம்..."

"ரெண்டு கவளத்துக்கு இப்படி நிக்க மாட்டே. எத்தனை இலை?"

அவன் கண் கரைப் பக்கம் போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள். கரைமேல் மரிய செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இங்கிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கூழ் குடித்த பத்துப் பேரும் ஓடுகிறார்கள், கறி தின்ற ஒருத்தன்தான் விட்டான் என்று ஊருக்கே விளங்கிவிடும். சோலையப்பன் வாய் அடைத்துவிடும், தோற்றாலும் அவளுடைய வாக்கை யாரும் கேட்க முடியாது. வேளாங்கண்ணி அதை யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்தாள். ஆனால் அப்படிக் கத்தினால் சூசை அத்தோடு உடைந்து போவான், மிச்சப் பந்தயத்தில் கோலில் நிற்பது ஆள் அல்ல, வெறும் கம்புதான். அவளுக்கு நியாயம் கிடைத்து என்ன செய்ய? ஷீல்டு கிடைக்க வேண்டும்.

"அந்தப் புதருக்குப் பின்னால போ" என்றாள். "தொண்டைக்குள்ள வெரல விடு. தின்ன அம்புட்டும் வெளிய வரணும். வாயக் கொப்புளிச்சுட்டு, மொகத்தக் கழுவிட்டு வா."

"அத்தை, அது சோலையப்பண்ணன் கிடாய்..."

"அவருக்கிட்ட நான் சொல்லிக்கிறேன். போடா. திரும்பி வந்து இன்னொண்ண விட்டே, ஒங்காத்தா என்ன பண்ணான்னு பூசையில வச்சுச் சொல்லுவேன்."

சூசை போனான். புதருக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, பக்கத்தில் நின்ற மாடு ஒன்று காதைத் தூக்கியது. திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தாலும் கண் இரண்டும் விழித்திருந்தன.

இரண்டாம் பாதி தொடங்கியது. வழக்கமாக இந்த நேரத்தில்தான் சவேரியார்பட்டிக்காரர்கள் இடுப்பில் கை வைக்க ஆரம்பிப்பார்கள். அன்னவாசல்காரர்களுக்கும் அது தெரியும். அதற்காகவே முதல் பாதியில் அடக்கி ஆடிவிட்டு, இப்போது மெதுவாக முன்னேறி வந்தார்கள். இவர்கள் நிற்கவில்லை. தள்ளிவிட்டால் எழுந்து ஓடினார்கள். பந்து பறிபோனால் துரத்தினார்கள். பேக்கில் நிற்கிறவன்கூட எதிர்ப் பாதி வரைக்கும் ஓடிப் போய்த் திரும்பி வந்தான். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றது அன்னவாசல்காரன். முதலில் ஒருவன், அப்புறம் இன்னொருவன்.

அதை முதலில் பார்த்தது வேளாங்கண்ணி. அவள் கத்தவில்லை, செபமாலையை இறுக்கிக்கொண்டாள். அடுத்துப் பார்த்தது சோலையப்பன். அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

ஓரத்திலிருந்து வந்த பந்தை ஆரோக்கியமுத்து நெஞ்சில் வாங்கிக் கீழே போட்டு அடித்தான். கோல்கீப்பர் அசைவதற்குள் கம்புக்குள் போய்விட்டது. கரையே எழுந்து குதித்தது. அழகுமலை பக்கத்தில் நின்ற லூர்துநாதனைத் தூக்கிவிட்டார்.

"கூழுடா" என்று யாரோ கத்தினார்கள். "கூழுக் குடிச்ச கோலுடா."

அன்னவாசல்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பொழுது இறங்குகிற நேரத்தில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, மிக அருகிலிருந்து ஒன்றை அடித்தார்கள். சோலையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வேளாங்கண்ணி மூடவில்லை. சூசை பக்கவாட்டில் பாய்ந்து, விரல் நுனியால் அதைக் கம்புக்கு வெளியே தட்டினான். விழுந்த வேகத்திலேயே எழுந்து நின்றான்.

"தாயோளி... புலிடா அவன்" என்றார் சோலையப்பன். அப்புறம் பக்கத்தில் பெண்கள் நிற்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. சூசை எறிந்த பந்து ஆரோக்கியமுத்துவிடம் போனது. அவனுக்கு முன்னால் இரண்டு பேர். அவன் ஓட, அவர்கள் நடந்தார்கள். நடக்கத்தான் முடிந்தது. தனியாகப் போய், கோல்கீப்பரையும் சுற்றிக்கொண்டு, காலி கோலுக்குள் பந்தோடு அவனே ஓடி நுழைந்தான். வேகத்தை நிறுத்த முடியாமல் கம்பு ஒன்றைப் பிடித்துத் தொங்கினான். கம்பு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. ரெப்ரி ஊதல் ஊதி, கோல் என்று கையைக் காட்டினார். அழகுமலை தன் ஆயுளில் முதல் தடவையாக ஒரு ரெப்ரியை வாழ்த்தினார்.

கடைசி ஊதல் ஊதியபோது வேளாங்கண்ணி கரையிலிருந்து இறங்கிக் கண்மாய்க்குள் போனாள். பெண்கள் அதுவரை யாரும் சாம்பல் கோட்டைத் தாண்டியதில்லை. அவள் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை; கவனித்திருந்தாலும் அன்று கேட்டிருக்க மாட்டார்கள். ஷீல்டை அன்னவாசல் தலைவரிடமிருந்து ஆரோக்கியமுத்து வாங்கினான். வாங்கி நேரே அவள் கையில் கொடுத்தான். "கனமா இருக்கு மதினி, பாத்து" என்றான். அவள் அதைத் திருப்பிப் பார்த்து, "பின்னால பூரா பச்ச பிடிச்சிருக்கு. எண்ணெய் போட்டா போகுமா? புளி போட்டுத் தேய்க்கணும்" என்றாள். முந்தானையால் அங்கேயே தேய்க்க ஆரம்பித்தாள்.

கொல்லையில் பந்தல் போட்டு, அரிக்கேன் விளக்கு தொங்கவிட்டு, இலை போட்டார்கள். அன்னவாசல்காரர்களையும் உட்காரச் சொன்னார்கள். அவர்களும் வெட்கப்படாமல் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அந்தப் பயல்கள் தின்றதை வேளாங்கண்ணி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். சூசை மட்டும் முதல் கவளத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தான்.

"தின்னு. இப்பத் திங்கலாம்" என்றாள்.

மரிய செல்வி பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேளாங்கண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், "நீ சொல்லிருவேன்னு நெனச்சேன்" என்றாள்.

"சொல்லுவேன் மதினி. நீங்க அடுத்த தடவை தூக்குங்க, சொல்லுறேன்."

"குழவி கனமா இருந்துச்சுடி" என்றாள் மரிய செல்வி. இருவரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

ஆண்கள் சாப்பிட்ட பிறகு பெண்கள் என்பது அந்த ஊர்ப் பந்தியின் முறை. அன்று இரண்டாம் பந்தியில் கரைக்காரர்கள் உட்காரும்போது வேளாங்கண்ணியும் ஒரு இலையை எடுத்துப் போட்டு, சோலையப்பனுக்கு எதிரே உட்கார்ந்தாள். லூர்துநாதன் கறி வாளியோடு நின்றான். பரிமாறுகிற வேலை இன்று தனக்குத்தான் என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் முதலில் அவள் இலைக்கே வந்தான்.

"நல்லி எலும்பு இருக்கா பாருங்க" என்றாள்.

சோலையப்பன் நாலு கவளம் சாப்பிட்டார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொல்லட்டுமா தங்கச்சி? கூழுனால ஜெயிக்கல. கறி வீட்டுல காத்துக்கிட்டு இருக்குங்கிற நெனப்புலதான் பயலுக அந்த ஓட்டம் ஓடுனானுக. எங் கிடாயினால ஜெயிச்சது."

"சரி, ஒங்க கிடாயின்னே வச்சுக்கங்க. அடுத்த வருசக் கிடாயையும் பந்தயம் முடிஞ்சே தின்னுக்கிருவோம்."

"அது என்னமோ நல்ல யோசனதான். நானே சொல்லணும்னு இருந்தேன்." சுற்றியிருந்தவர்கள் சிரித்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. "ஆனா அந்த மொத கோலு சகிக்கல. அடுத்த வருசம் கோல்கீப்பர மாத்தியே ஆகணும்."

"மாத்தக் கூடாது" என்றாள் வேளாங்கண்ணி.

"ஏன்? காரணம் சொல்லு."

"காரணம் எனக்குத் தெரியும்."

"அதெப்படி, ஒனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? கரைக்காரவுகளுக்குத் தெரிய வேண்டாமா?"

"கடைசியில புலின்னு கத்தினது யாரு? இன்னொண்ணும் சேத்துக் கத்தினீக. அதச் சொல்லவா?"

அழகுமலைக்குப் புரை ஏறியது. சோலையப்பன் விடவில்லை. வாயில் பாதிச் சோற்றோடு, அந்த உருண்ட பந்தை எப்படிப் பிடித்திருக்க வேண்டும் என்று குனிந்து காட்டினார். அப்படிக் குனிந்தால் பந்து கால் நடுவே போய்விடும் என்று, இலையில் சோற்றுக்கு நடுவே ஓடிய ரசத்தைக் காட்டி வேளாங்கண்ணி விளக்கினாள். லூர்துநாதன் மெதுவாக ப்ளாடர் பேச்சை எடுத்தான். எல்லாரும் சேர்ந்து அவனை வாயை மூடிக்கொண்டு கறியைப் பரிமாறச் சொன்னார்கள்.